சுவரை வைத்துத்தான் சினிமா

எங்கள் வீட்டு டி.வி. நீரில் மூழ்கிக் காலமானது. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, அப்பாடா என்று நாங்கள் காலை நீட்டிய நேரம். டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையைத் திறந்தார்கள். விநாடிக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல். தென்பெண்ணை கடலுக்குப் போகிற வழியில் ஆல்பேட்டையை விசாரித்துவிட்டு, எங்கள் வீட்டுப் படியும் ஏறி உள்ளே வந்தது.

ஃபிரிட்ஜைப் பெஞ்சு மேல் ஏற்றினோம். காஸ் சிலிண்டரை ஏற்றினோம். ரேஷன் கார்டு, பத்திரம், என் பி.காம். சர்ட்டிபிகேட் (இதுவரை அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை, இருந்தாலும்) எல்லாம் பரணுக்குப் போயின. அம்மாவைக் கட்டிலோடு தூக்கி உயரமாக வைத்தோம். ஒன்றரை அடி ஸ்டாண்டில் அப்பாவியாக நின்றுகொண்டிருந்த டி.வி.யை எல்லோருமாகச் சேர்ந்து மறந்தோம். தண்ணீர் இரண்டடி வந்தது.

அம்மாவுக்கு 2022-ல் இடுப்பு எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து கட்டில், வாக்கர், பாத்ரூம், மறுபடி கட்டில். டி.வி.தான் அவருக்குக் கடைத்தெரு, கோயில், கல்யாண வீடு எல்லாம். போனதற்கு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் ராத்திரி எட்டு மணி வாக்கில் மட்டும் "மணி என்ன ஆச்சுடா?" என்று கேட்பார். அது சீரியல் நேரம். பேத்தியின் பழைய செல்போனைக் கொடுத்துப் பார்த்தோம். "எல்லாரும் எறும்பாட்டம் இருக்காங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

2025 ஆடியில் என் மனைவிக்குச் சீட்டு விழுந்தது. ரூபாய் முப்பதாயிரம்.

"டி.வி. வாங்கிடலாங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்குள் தூங்கிக்கொண்டிருந்த மேதை விழித்துக்கொண்டான். "டி.வி. வேணாம். புரொஜக்டர் வாங்கலாம். சுவர் பூரா படம் தெரியும். வெள்ளம் வந்தா தூக்கிப் பரண்ல போட்டுடலாம். சுவர் எங்கேயும் போகாது!"

கடலூர்க்காரனுக்கு இதைவிடப் பெரிய தர்க்கம் கிடையாது. அவளும் ஒரு நிமிஷம் அசந்துபோனாள். அந்த ஒரு நிமிஷம்தான் வினை.

*

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் செல்போனில் கடை விரிப்பவர்களுக்கு நம் பலவீனம் அத்துப்படி. 'ஒன்பதாயிரத்து ஐந்நூறு லூமென்! 4கே சப்போர்ட்! 200 அங்குலத் திரை! 76 சதவிகிதம் தள்ளுபடி! இன்னும் இரண்டே பீஸ்!' விலை 6,999. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வாயைப் பிளந்துகொண்டு சுவரைப் பார்க்கிறது. நானும் பிளந்தேன். பட்டனை அமுக்கினேன்.

பெட்டி வந்தது. சாயந்திரம் நாலு மணிக்கு ஹாலில் வைத்து, அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, போட்டேன்.

"எங்கடா படம்?" என்றார் அம்மா.

சுவரில் ஏதோ சாம்பல் நிறத்தில் அசைந்தது. ஜன்னலைச் சாத்தினேன். போர்வையைத் தொங்கவிட்டேன். கதாநாயகன் மாதிரி ஒரு உருவமும் கதாநாயகி மாதிரி ஒரு உருவமும் மூடுபனியில் பேசிக்கொண்டார்கள். "அப்பா, இது மட்டும் தெளிவா இருக்கு" என்று என் பெண் காட்டினாள். அது பல்லி.

அந்த நேரம் பார்த்துத்தான் பெரியப்பா வரவேண்டுமா? அவர் வாலிபத்தில் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டருக்கு உதவியாளாக இருந்தவர். இரண்டு கார்பன் குச்சிகளை நேருக்கு நேர் நிறுத்தி, நடுவில் மின்சாரம் பாயவிட்டு, அந்தச் சுடர் அணையாமல் குச்சியை நகர்த்திக்கொண்டே இருப்பதுதான் வேலை. கவனம் பிசகினால் திரை மங்கும், தரை டிக்கெட்டிலிருந்து விசில் வரும். பெட்டியைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"பகல்ல எவன்டா படம் ஓட்டுவான்? கொட்டாயில பொழுது சாஞ்சாத்தான் டிக்கெட்டே கிழிப்போம். கீத்து ஓட்டையில வெளிச்சம் வந்தா எம்.ஜி.ஆரே இருந்தாலும் தெரிய மாட்டார்."

நான் மூன்று ராத்திரி இணையத்தில் படித்துக் கற்றதை அவர் மூன்று வரியில் சொல்லிவிட்டார். புரொஜக்டரால் வெளிச்சத்தைத்தான் வீச முடியும். கறுப்பை வீச முடியாது. உங்கள் சுவர் அந்த நேரத்தில் எவ்வளவு இருட்டோ, அவ்வளவுதான் படத்தில் கறுப்பு. டியூப்லைட் எரிகிற ஹாலில் கறுப்பு என்பது டிஸ்டெம்பர் நிறம். கதாநாயகியின் கூந்தல் கிரீம் கலரில் வரும்.

*

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டோம். பரவாயில்லை ரகம். ஆனால் ஒன்பதாயிரத்து ஐந்நூறு? காமர்ஸ் படித்தவன் இல்லையா, கணக்குப் போட்டேன். நீங்களும் போடுங்கள், அட்டைப் பெட்டியின் பின்னட்டை ஒன்றே போதும்.

வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பின் அட்டையைப் பாருங்கள். ஏறக்குறைய 900 லூமென் என்று போட்டிருக்கும். அதாவது ஒரு வாட்டுக்கு நூறு லூமென். என் பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் 60 வாட் என்று இருந்தது. விசிறி, ஸ்பீக்கர், மற்றதெல்லாம் சும்மா ஓடுவதாகவே வைத்துக்கொண்டாலும் உள்ளே பிறக்கிற வெளிச்சம் ஆறாயிரம். ஆறாயிரத்தைப் பெற்று ஒன்பதாயிரத்து ஐந்நூறைக் கொடுக்கிற தொழில் எனக்குத் தெரிந்து சீட்டுக் கம்பெனிகள் மட்டும்தான் நடத்தின. அவையும் ஓடிப்போயின.

அந்த ஆறாயிரமாவது வெளியே வருகிறதா? மலிவு ரகத்தில் ஒரே ஒரு எல்.சி.டி. தகடு. வெளிச்சம் அதற்குள் நுழைய ஒரு போலரைசர் பாதியைப் பிடித்துக்கொள்ளும். சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறம் பிரிக்கிற வடிகட்டி மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் லென்ஸ் கமிஷன். பிளாக்கில் மூட்டை அவிழ்க்கிற கதைதான். நூறு புறப்பட்டால் ஐந்து வந்து சேரும். ஆறாயிரத்தில் ஐந்து சதவிகிதம் முந்நூறு. அதுதான் நிஜம்.

இந்த நிஜத்துக்கு ஒரு பெயர் உண்டு. ஆன்ஸி லூமென். திரையை ஒன்பது கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுப்பது. ஆன்ஸி என்றோ, ஐ.எஸ்.ஓ. 21118 என்றோ போடாமல் மொட்டையாக 'லூமென்' என்று இருந்தால் அது ஜாதகத்தில் பையனின் சம்பளம் போல. விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முந்நூறு என்றதும் மனமுடைந்து போகாதீர்கள். இதுதான் நான் கண்டுபிடித்த நல்ல விஷயம். சினிமா தியேட்டர் திரையிலேயே சதுர அடிக்குப் பதினாலு, பதினாறு லூமென் கணக்குத்தான். எண்பது அங்குலத் திரை என்றால் ஆறடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், மூன்றேகால் அடி உயரம். பத்தொன்பது சதுர அடி. முந்நூறைப் பத்தொன்பதால் வகுத்தால் கிட்டத்தட்ட பதினாறு. தியேட்டர் வெளிச்சமேதான், அறை கும்மிருட்டாக இருந்தால்! நூறு அங்குலத்துக்கு இழுத்தால் முப்பது சதுர அடி, பத்துக்கு இறங்கிவிடும். இருநூறு அங்குலத்துக்கு இழுத்தால்? நூற்று இருபது சதுர அடி. சதுர அடிக்கு இரண்டரை. பல்லி தெரியும்.

ஆக, பெட்டிக்காரன் சொன்ன இருநூறு அங்குலமும் பொய்யில்லை. படம் அவ்வளவு பெரிசாக விழும். தெரியும் என்று அவன் எங்கே சொன்னான்?

இந்தக் கணக்கையெல்லாம் போட்டு முடித்து, திருப்பி அனுப்பலாம் என்று போனேன். திருப்பி அனுப்ப ஏழு நாள் கெடு. அன்று ஒன்பதாவது நாள்.

மனைவி ஒன்றும் சொல்லவில்லை. சீட்டு நோட்டை எடுத்து, முப்பதாயிரத்திலிருந்து 6,999-ஐக் கழித்து, 23,001 என்று எழுதி, அதன் கீழ் இரண்டு கோடு போட்டாள். பி.காம். படித்தது நானா அவளா என்று சந்தேகம் வந்தது.

*

தமிழ்நாட்டில் புரொஜக்டர் வாங்கிக் குடும்பத்தைத் திகைக்கவைத்த முதல் ஆள் நானில்லை என்பதில் ஒரு ஆறுதல். சாமிக்கண்ணு வின்சென்ட், கோயமுத்தூர்க்காரர், திருச்சியில் ரயில்வே உத்தியோகம். 1905-ல் டுபான்ட் என்கிற பிரெஞ்சுக்காரர் ஊர் ஊராகச் சலனப்படம் காட்டிக்கொண்டு திருச்சி வந்த இடத்தில் உடம்புக்கு முடியாமல் போனது. புரொஜக்டரையும் படச்சுருள்களையும் விற்கப் பார்த்தார். வின்சென்ட் இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய் திரட்டி வாங்கினார். 1905-ல் இரண்டாயிரம்! ரயில்வேயை விட்டுவிட்டு, யேசுவின் வாழ்க்கைப் படத்தைக் கூடாரத்தில் காட்டிக்கொண்டே பெஷாவர் வரை போனார். 1914-ல் கோயமுத்தூரில் வெரைட்டி ஹால் தியேட்டரைக் கட்டினார்.

கவனியுங்கள். அவர் வாங்கியது செகண்ட் ஹாண்ட். ஓடுகிறதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாங்கினார். நான் ஓடாததைப் போட்டோவில் பார்த்து வாங்கினேன். வித்தியாசம் இவ்வளவுதான்.

இதை என் மனைவியிடம் சொன்னேன். "அவர் சம்சாரம் என்ன சொன்னாங்களாம்?" என்றாள். சரித்திரத்தில் அந்தப் பக்கம் யாரும் எழுதவில்லை.

*

செகண்ட் ஹாண்ட் என்றதும் சிதம்பரம் நண்பன் ஞாபகம் வந்தான். கீழ வீதிப் பக்கம் டியூஷன் சென்டர் நடத்தி, மூடப்போகிறவன். பழைய ஆபீஸ் ரக புரொஜக்டர் ஒன்று இருக்கிறது, ஏழாயிரத்துக்குத் தருகிறேன் என்றான். மூன்று எல்.சி.டி. தகடு ரகம். மூவாயிரம் லூமென், அதுவும் நேர்மையான மூவாயிரம். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி, இட்லியும் கொத்சுவும் சாப்பிட்டுவிட்டு (கொத்சுக்காகத்தான் போனேன் என்று வீட்டில் இன்றும் நம்புகிறார்கள்), போய்ப் பார்த்தேன்.

போட்டதும் கண் கூசியது. ஜன்னல் திறந்திருக்கும்போதே படம் தெரிந்தது. மெனுவுக்குள் போய் 'லாம்ப் அவர்ஸ்' பார்த்தேன். 3,800 மணி. இந்த ரக விளக்குக்கு நாலாயிரம், ஐயாயிரம் மணி ஆயுசு என்றால், அதன் அர்த்தம் அதற்குள் வெளிச்சம் பாதியாகிவிடும் என்பது. புது விளக்கு பல ஆயிரம் ரூபாய். மேலும் அந்த மீட்டரை யார் வேண்டுமானாலும் பட்டனை அமுக்கிப் பூஜ்யமாக்கலாம், பழைய கார் மீட்டர் மாதிரி. என் நண்பன் நல்லவன், ஆக்கவில்லை. எல்.இ.டி.யில் இந்தத் தலைவலி இல்லை, இருபதாயிரம் மணி நேரம் என்று போடுகிறார்கள். தினம் இரண்டு மணி பார்த்தால் இருபத்தேழு வருஷம். அதற்குள் அந்தப் பெட்டியில் வேறு ஏதாவது போயிருக்கும், கவலையில்லை.

இன்னொன்று, ஆபீஸ் ரகம் பெரும்பாலும் சதுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். 1024-க்கு 768. சினிமா அகலமானது, அதனால் மேலும் கீழும் பட்டை விட்டு 576 வரிதான் படத்துக்குக் கிடைக்கும். பட்ஜெட் ஸ்லைடு காட்டப் போதும். உங்கள் ஆபீஸ் மீட்டிங் ஹாலில் இருப்பதும் அநேகமாக இந்த ஜாதிதான். மானேஜர் இல்லாத சனிக்கிழமை ஒரு பாட்டுப் போட்டுப் பாருங்கள், புரியும்.

இந்த இடத்தில் 'நேட்டிவ்' சமாச்சாரத்தைச் சொல்லிவிடுகிறேன். நேட்டிவ் ரெசல்யூஷன் என்றால் சொந்த ஊர். தகட்டில் எத்தனை புள்ளி நிஜமாக இருக்கிறது என்பது. 800-க்கு 480, 1280-க்கு 720, 1920-க்கு 1080. 'சப்போர்ட்' என்பது எந்த ஊர் பஸ் இங்கே நிற்கும் என்பது. '4கே சப்போர்ட்' என்றால் 4கே படம் உள்ளே வரும்; வந்து 480 புள்ளிக்குள் இடித்துப் பிடித்து உட்காரும். என் ஆறாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ரூபாயின் சொந்த ஊர் 480.

நண்பனிடம் வேண்டாம் என்று சொல்லச் சங்கடமாக இருந்தது. "அண்ணாமலை நகர்ல ரூம் எடுத்திருக்கிற பசங்க கிரிக்கெட் பாக்க வாங்கிப்பாங்கடா" என்றான். அப்படியே ஆயிற்று.

*

கடலூர்க்காரர்கள் எலெக்ட்ரானிக் சாமான் என்றால் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறின காலம் ஒன்று உண்டு. வரி கம்மி. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்து, அங்கேயும் இங்கேயும் ஒரே வரி ஆனது. இப்போது நம்மவர்கள் அங்கே போவது வேறு சரக்குக்கு. அதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

32 அங்குலம் வரை டி.வி.க்கு அப்போதே 18 சதவிகிதம்தான். அதற்கு மேல் டி.வி.க்கும், புரொஜக்டருக்கும் 28. ஆகஸ்ட்டில் வரிக் குறைப்புப் பேச்சு அடிபட்டது. என் மூளையில் முதல் முறையாக ஒரு உருப்படியான எண்ணம் உதித்தது. அம்மா சீரியல் பார்ப்பது பகலிலும் சாயங்காலத்திலும். அதற்கு டி.வி.தான் சரி. எந்த புரொஜக்டரும், அது என் பட்ஜெட்டுக்குள் வருகிற எதுவும், அந்த வேலையைச் செய்யாது. பத்தாயிரத்துக்கு 32 அங்குல டி.வி. வாங்கி, நாலரை அடி உயரத்தில் சுவரில் அடித்தோம். தென்பெண்ணை இனி எட்டிப் பார்க்கட்டும்.

அப்போதே நிறுத்தியிருக்கலாம். மனைவியும் அதைத்தான் சொன்னாள். "மீதி 13,001 இருக்கு. இன்வர்ட்டருக்குப் பாட்டரி மாத்தணும்."

அம்மாதான் கெடுத்தார். "சினிமா கொட்டாய்க்குப் போயி மூணு வருஷம் ஆச்சு. இனி எங்க படி ஏறப் போறேன். அந்தப் பல்லிப் பொட்டியில ராத்திரி பாத்தோமே, மங்கலா இருந்தாலும் ஆள் ஆள் ஒசரத்துக்கு இருந்தாங்கடா."

மனைவி என்னைப் பார்த்தாள். பாட்டரி அடுத்த சீட்டுக்குப் போயிற்று.

2025 செப்டம்பர் 22-ல் புரொஜக்டர் வரி 28-லிருந்து 18 ஆனது. வரிக்கு முன் 11,000 ரூபாய்ப் பெட்டி, முன்பு 14,080. இப்போது 12,980. ஆயிரத்து நூறு மிச்சம். இந்த முறை கடைக்கு நேரே போனேன். சினிமா டிரெய்லரைப் போட்டுக் காட்டினார்கள். டிரெய்லரில் எல்லாப் பெட்டியும் அழகு. நான் பெண்ணின் செல்போனிலிருந்து ஒரு கணக்கு ஷீட்டைப் போடச் சொன்னேன். நடுவில் எண்கள் பளிச். நாலு மூலையும் கலங்கினால் லென்ஸ் மட்டம். இரண்டு பெட்டி அதில் தோற்றது. மூன்றாவது தேறியது. நேட்டிவ் 1080. ஆன்ஸி என்று போட்டு 300. உள்பாகம் சீல் செய்தது. நம்மூர் உப்புக்காற்றுக்கும் தூசிக்கும் சீல் இல்லாத பெட்டி என்றால் ஆறு மாதத்தில் நிலவில் கறை மாதிரி திரையில் புள்ளி விழும், அழிக்க முடியாது. விசிறிச் சத்தத்தைக் காதை வைத்துக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பார்க்கட்டும்.

உள்ளே இருக்கிற ஸ்பீக்கரைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பழைய ஹோம் தியேட்டர் டப்பா ஒன்று பரணில் இருந்து வெள்ளத்துக்குத் தப்பியது, அதைச் சொருகினேன்.

எங்கள் ஹாலில் ஏழரை அடி தள்ளி வைத்தால் எண்பது அங்குலம் விழுகிறது. நேராக வையுங்கள். கோணலாக வைத்துவிட்டு 'கீஸ்டோன்' பட்டனால் நிமிர்த்தினால், காசு கொடுத்த புள்ளிகளை வெட்டி எறிகிற மாதிரி. வாடகைச் சுவர் மேடு பள்ளம், பச்சை டிஸ்டெம்பர். திரைக்குப் பேனர் கடை நண்பர் ஒருவர் பழைய காதணி விழா பேனரைக் கொடுத்தார், பின்பக்கம் வெள்ளை. இலவசம் என்று மாட்டினேன். வானம் வெளுப்பாக வருகிற காட்சிகளில் தாய்மாமன் மீசையும் 'அனைவரும் வருக'வும் லேசாக எட்டிப் பார்த்தன. பின்னால் கறுப்புத் துணி கொடுத்துத் தைத்ததும் மாமன் மறைந்தார்.

கையில் மீதி 21 ரூபாய். சீட்டு நோட்டில் அதுவும் எழுதப்பட்டிருக்கிறது.

*

முதல் படம் அம்மாவின் இஷ்டம். 'இதயக்கனி', 1975. பிச்சாவரத்தில் எடுத்தது. அம்மாவுக்குப் பிறந்த ஊர் கிள்ளை. ஷூட்டிங் பார்க்கப் போன கூட்டத்தில் அவரும் இருந்தாராம். எம்.ஜி.ஆரைப் பார்த்தாயா என்றால், "தொப்பியைப் பாத்தேன்" என்பார். அம்பது வருஷமாக அந்தத் தொப்பி எங்கள் வீட்டில் பேசப்படுகிறது.

ஏழு மணிக்கு விளக்கை அணைத்தோம். ஜன்னலை முழுக்கச் சாத்தினோம், மழை விட்ட ராத்திரி, திறந்தால் ஈசல் அத்தனையும் திரைக்கு வந்துவிடும். அம்மாவை நடுவில் உட்காரவைத்தோம். பெரியப்பாவுக்கு நாற்காலி போட்டும் உட்காரவில்லை. புரொஜக்டர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். திரையைப் பார்க்கவில்லை, பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். கை இரண்டு தரம் தன்னால் அதன் பக்கவாட்டுக்குப் போய்த் திரும்பியது. அங்கே திருக ஒன்றும் இல்லை.

சுரபுன்னைக் காட்டுக்குள் படகு நுழைந்தது. அம்மா முன்னால் குனிந்தார். "இந்தப் பக்கம்... இந்தப் பக்கந்தான் நாங்க நின்னோம்" என்று திரைக்கு வெளியே, எங்கள் பீரோ இருக்கும் இடத்தைக் காட்டினார்.

முக்கால் மணி ஆகியிருக்கும். அம்மா நாற்காலியில் நெளிந்தார்.

"என்னம்மா?"

"விளம்பரமே வர மாட்டேங்குதேடா. நான் எப்ப பாத்ரூம் போறது?"

பெரியப்பா அதற்குள் பட்டனைக் கண்டுபிடித்து அமுக்கியிருந்தார். விளக்கைப் போட்டார். "ரீல் மாத்தறோம்" என்று சத்தமாக அறிவித்துவிட்டு, வாக்கரை எடுத்து அம்மா முன்னால் வைத்தார்.